சைகைக்கு யாரு சாட்சி? தாமிரபரணிக் கரையில நடந்த ஒரு கேஸ், முழு நிகழ்வு ஆய்வு

இந்தக் கேஸ்ல வர்ற பொண்ணுக்குக் காது கேக்காது, பேச்சு வராது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல, சம்பவம் நடந்தப்ப வயசு இருபத்தாறு, பீடி சுத்துதா. பேரு எழுத மாட்டேன், பாலியல் வன்முறை கேஸ்ல பாதிக்கப்பட்டவங்க அடையாளத்த வெளிய சொன்னா அதுவே குற்றம், அதனால 'தங்கச்சி'ன்னே எழுதுதேன். ஊரு, தாமிரபரணி வாய்க்கா பாயுற ஊர்கள்ல ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பேங்க் எதோட பேரும் போடல.

நான் இத எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு மொதல்லயே சொல்லிருதேன். விசாரணை இன்-கேமரா, அதாவது மூடின அறைக்குள்ள நடந்துச்சு, நான் உள்ள போகல, போகவும் கூடாது. அவங்க வக்கீல் மூலமா கேஸ் கட்டு படிச்சேன், அம்மாகிட்டப் பேசினேன், சைகை பெயர்த்துச் சொன்ன ரெண்டு பேருகிட்டயும் பேசினேன், வீட்டுக்குப் பல தடவ போனேன். முக்கியமா, இத எழுதலாமான்னு தங்கச்சிகிட்டயே கேட்டேன். அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. இந்த மாதிரி பொண்ணுங்களப் பத்தி ஆராய்ச்சின்னு போற நம்ம ஆளுங்க நெறைய பேரு அம்மாகிட்டயோ அண்ணன்கிட்டயோ கேட்டு எழுதிட்டு வந்துருதோம், நானும் முன்னாடி அப்படிச் செஞ்சிருக்கேன், அது தப்பு. தங்கச்சி போட்ட கண்டிஷன் ரெண்டு. போட்டோ கூடாது. அவ சம்பாதிக்கான்னு எழுதணும். எழுதிட்டேன், ஒரு நாளைக்கு எழுநூறு பீடி, கடைக்காரருகிட்ட எண்ணிக் குடுக்கதும் அவதான்.

அவ சைகை எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கேஸே அதுலதான் நின்னுச்சு. அது இந்திய சைகை மொழி கிடையாது, பள்ளிக்கூடத்துல படிச்சவங்க பேசுறது வேற. இது வீட்டுல அவளும் அம்மாவும் தெருவுல பீடி சுத்துற பொம்பளைங்களும் சேந்து இருபது வருஷமா உண்டாக்கினது. கொடைன்னா, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, உள்ளங்கையால நெஞ்சுல மூணு தட்டு. ஏன் நெஞ்சுலன்னு கேட்டேன், கோயில் கொடையில நையாண்டி மேளம் அடிக்கும்போது அவளுக்குக் கேக்காது, ஆனா நெஞ்சுல அதிருமாம், அவளுக்குக் கொடைங்கது அதுதான். அம்மான்னா மூக்குத்தி இடத்துல விரல். பீடி கடை செக்கர்னா ஒரு பீடிய எடுத்து தூரப் போடுற மாதிரி, கழிவுன்னு தூக்கிப் போடுதான்ல, அது. குற்றம் சாட்டப்பட்ட ஆளுக்கு, ரெண்டு கையால டிவிஎஸ் ஃபிஃப்டி ஹேண்டில முறுக்கி, பொறவு இடது தோள்ள துண்டத் தட்டிப் போடுறது. அந்த ஆளு சொந்தக்காரர்தான், ரெண்டு தெரு தள்ளி வீடு.

2022 சித்திரையில கொடை முடிஞ்ச மறுநாள் சாயங்காலம், பந்தல் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது நடந்துச்சு. நடந்தத நான் விவரிக்கப் போறதில்ல. அம்மா வயக்காட்டு வேல முடிச்சு இருட்டினப்பொறவு வந்தாங்க, பீடித் தட்டு அப்படியே கெடக்கு, இல வெட்டினது வெட்டினபடி கெடக்கு, இவ அடுக்களையில உக்காந்திருக்கா. நெஞ்சுல மூணு தட்டு, டிவிஎஸ், துண்டு. அம்மாவுக்குப் புரிய ராத்திரி பத்து மணி ஆயிட்டு.

மறுநாள் ஊர்ப் பெரியவங்க வந்தாங்க. "சொந்தத்துக்குள்ள ஸ்டேஷன் எதுக்கு, பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிருவோம்"னு பேச்சு. பணம் பேசினாங்க. அம்மா ஒத்துக்கல, அது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த ஊர்ப்பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும், அந்த ஆளோட வயல்லதான் இவங்களுக்கு நடவு வேலையும் களையெடுப்பும்.

மூணாம் நாள் ஸ்டேஷன். அங்க கேட்ட மொதக் கேள்வி, அம்மா என்கிட்ட ரெண்டு தடவ அதே மாதிரி சொன்னாங்க: "யம்மா, இவ பேச மாட்டாளே, நாங்க யாருகிட்டக் கேட்டு எழுத? பேசத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வா." எஃப்ஐஆர் போடல, சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்துச்சுன்னு ஒரு சீட்டு மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. மூணு தடவ நடந்தாங்க.

சட்டம் இதுக்கு நேர் எதிரா சொல்லுது. டெல்லி சம்பவத்துக்குப் பொறவு 2013ல கொண்டு வந்த திருத்தத்துல, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154ல சேத்தாங்க: இந்த மாதிரி குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க உடலாலயோ மனசாலயோ மாற்றுத்திறனாளியா இருந்தா, போலீஸ்தான் அவங்க வீட்டுக்கோ அவங்க சொல்ற இடத்துக்கோ போகணும், மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ கூட இருக்கணும், வீடியோ எடுக்கணும். ஆளத் தேடுற பொறுப்ப அந்த அம்மா தலையில வைக்கச் சொல்லி எங்கயும் இல்ல. 2024 ஜூலை 1லேருந்து வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுலயும் இது அப்படியே இருக்கு, 173ஆவது பிரிவு. விசாரணைக்குன்னு மாற்றுத்திறனாளிய ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, அவங்க இருக்க இடத்துக்குப் போகணும்னும் தனியா ஒரு பிரிவு இருக்கு.

ஒம்பதாம் நாள்தான் எஃப்ஐஆர். அதுவும் எப்படின்னா, பக்கத்து ஊர்ல ஒரு சட்டத் தன்னார்வலர் இருந்தாங்க, சட்டப் பணிகள் குழுவுல பதிஞ்சவங்க, கல்யாண வீட்டுல யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, டிஎஸ்பி ஆபீஸ் வரைக்கும் போனாங்க. 15100ன்னு ஒரு நம்பர் இருக்கு, தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோடது, 181ன்னு பெண்கள் உதவி நம்பர் இருக்கு. 1987ஆம் வருஷத்து சட்டப்படி பெண்ணுன்னாலே இலவச வக்கீல் உண்டு, மாற்றுத்திறனாளின்னாலும் உண்டு, வருமானச் சான்றிதழ் கேக்கக் கூடாது. அம்மாவுக்கு இதுல ஒண்ணு கூடத் தெரியாது. தெரிஞ்சாலும் போன்ல பேச வேண்டிய நம்பர்தான் எல்லாமே, தங்கச்சியால தனியா எதையும் கூப்பிட முடியாது. நான் போற இடத்துலல்லாம் இத சொல்லிக்கிட்டே இருக்கேன்.

இந்த ஒம்பது நாளுதான் கேஸ பொறவு ஆட்டிப் படைச்சுச்சு. மருத்துவப் பரிசோதனையில ஒண்ணும் மிச்சமில்ல, துணி அம்மா தொவச்சுப் போட்டாச்சு. அதவிடப் பெரிய நட்டம் ஒண்ணு உண்டு. ஒம்பது நாளா அம்மாவும் பொண்ணும் ஒரே வீட்டுல, அதனால "இந்தச் சைகையெல்லாம் அம்மா சொல்லிக் குடுத்தது"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்றதுக்கு வாசல் தொறந்தாச்சு. மொத நாளே யாராச்சும் போய் வீடியோ எடுத்திருந்தா அந்தப் பேச்சுக்கே எடமிருந்திருக்காது.

எஃப்ஐஆர்லயும் ஒரு தப்பு. 'வாய் பேச இயலாத, மனவளர்ச்சி குன்றிய'ன்னு எழுதிட்டாங்க. யாரும் சொல்லல, எந்த டாக்டரும் பாக்கல, பேசலைன்னா புத்தி கம்மின்னு கை தானா எழுதிட்டு. அந்த ரெண்டு வார்த்தைய அழிக்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியிலயும் அதே கதை, பரிசோதனைக்கு சம்மதக் கையெழுத்து அம்மாகிட்ட வாங்கிருக்காங்க. இருபத்தாறு வயசுப் பொண்ணு, அவகிட்ட ஒரு சைகை காட்டிக் கேக்கல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 13, மத்த எல்லாரையும் போல சட்டத் தகுதி இவங்களுக்கும் உண்டுன்னு சொல்லுது. அதே சட்டத்துல 12ஆவது பிரிவு, அவங்க விரும்புற மொழியில, விரும்புற வழியில சாட்சி சொல்றதுக்கு வசதி செஞ்சு குடுக்கணும்னும் சொல்லுது.

முதல் வாக்குமூல வீடியோ பத்தி அம்மாவும் வக்கீலும் சொன்னாங்க. சட்டத்துல மொழிபெயர்ப்பாளர்னு இருக்கேன்னு ஊர் ஆரம்பப் பள்ளி டீச்சர ஒருத்தங்கள உக்கார வச்சிருக்காங்க. அவங்க நல்ல மனுஷி, ஆனா சைகை தெரியாது. அவங்க அம்மாகிட்டக் கேக்க, அம்மா பொண்ணுகிட்டக் கேக்க, பொண்ணு காட்ட, அம்மா சொல்ல, டீச்சர் அத நல்ல தமிழ்ல திருப்பிச் சொல்லன்னு போயிருக்கு. காகிதத்துல பாத்தா எல்லாம் சரியா இருக்கும்.

இங்கதான் ஒரு பழைய தீர்ப்பு ஞாபகம் வரணும். ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங், 2012, உச்ச நீதிமன்றம். அதுலயும் காது கேக்காத, பேச முடியாத ஒரு பொம்பளதான் முக்கிய சாட்சி. அவங்க காட்டினத பெயர்த்துச் சொன்னது சொந்த அப்பா. அவரு கேஸ்ல அக்கறை உள்ள ஆளு, சத்தியப்பிரமாணமும் எடுக்க வைக்கல, அவங்க காட்டின சைகைகளையும் பதிவு பண்ணி வைக்கல. அந்தச் சாட்சியத்த நம்பி தண்டிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிட்டு, குற்றவாளின்னு சொல்லப்பட்டவரு விடுதலை ஆனாரு. படிச்சா மனசு கனக்கும், ஆனா கோர்ட் சொன்ன முறை சரிதான்: பெயர்த்துச் சொல்றவரு கேஸ்ல சம்பந்தமில்லாதவரா இருக்கணும், சைகையும் பதிவாகணும், அதோட அர்த்தமும் பதிவாகணும். தங்கச்சி மாதிரி பொண்ணுக்கு வர்ற முட்டுக்கட்டையும் இதுலதான் இருக்கு. அவ சைகை புரியிறது வீட்டு ஆளுக்கு மட்டும், வீட்டு ஆளு சொன்னா கோர்ட் ஏத்துக்காது, வெளி ஆளுக்கு அவ சைகை புரியாது.

பாளையங்கோட்டைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காது கேக்காதவங்களுக்கும் கண் தெரியாதவங்களுக்கும் நூறு வருஷத்துக்கு மேலா பள்ளிக்கூடம் நடக்குற ஊரு. அதனால குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164ஆவது பிரிவுப்படி வாக்குமூலம் குடுக்க மாஜிஸ்ட்ரேட் முன்னாடி போனப்ப சிறப்புக் கல்வி டீச்சர் ஒருத்தங்க கிடைச்சாங்க, இந்திய சைகை மொழி நல்லாத் தெரிஞ்சவங்க. அவங்க செஞ்ச காரியத்த நான் ரொம்பப் பெரிசா நெனைக்கேன். பத்து நிமிஷம் தங்கச்சிகூட முயற்சி பண்ணிப் பாத்துட்டு, "ஐயா, எனக்கு இவங்க சைகை பாதிதான் புரியுது, மீதிய நானா ஊகிச்சுச் சொன்னா தப்பாப் போயிரும்"னு மாஜிஸ்ட்ரேட்கிட்டச் சொல்லிட்டாங்க. எத்தன கேஸ்ல ஊகிச்சுச் சொல்லிட்டுப் போயிருப்பாங்களோ.

அவங்களே ஒரு வழியும் சொன்னாங்க. டவுன்ல ஒரு டெய்லர் அக்கா இருக்காங்க, அவங்களுக்கும் காது கேக்காது, பாளையங்கோட்டையில படிச்சவங்க, அம்பது வயசு. படிக்காத, கிராமத்துல இருக்க காது கேக்காதவங்ககிட்டப் பேசிப் பேசிப் பழக்கம், எந்த ஊரு சைகையா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல பிடிச்சிருவாங்க. அதனால ரெண்டு படி: தங்கச்சி காட்டுறத டெய்லர் அக்கா இந்திய சைகை மொழிக்கு மாத்துவாங்க, அத டீச்சர் தமிழ்ல சொல்லுவாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா சத்தியப்பிரமாணம். மாஜிஸ்ட்ரேட் ஒத்துக்கிட்டு வேற நாள் குடுத்தாரு. அன்னைக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு, முழுசும் வீடியோ.

டெய்லர் அக்கா மொத அரை மணி நேரம் கேஸ் பத்தி ஒண்ணுமே கேக்கலையாம். கையில கொண்டு போயிருந்த பழைய துணி ஒண்ணக் கொடுத்து, இது என்ன, அது என்ன, நேத்து என்ன சாப்பிட்ட, எத்தன பீடி சுத்துனன்னு பேச்சுக் குடுத்திருக்காங்க. நான் அப்புறமா அவங்க ரெண்டு பேரையும் வீட்டுத் திண்ணையில பாத்தேன். தங்கச்சி தோள்ள துண்டத் தட்டுற சைகைய ஒரு தடவ காட்டினா, அக்கா அதையே திருப்பிக் காட்டி புருவத்த ஒசத்தி 'இப்படியா?'ன்னு கேக்காங்க, தங்கச்சி தலைய ஆட்டி, வலது தோள் இல்ல, இடதுன்னு அக்கா கையப் பிடிச்சு மாத்தி வைக்கா. அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கது அவதான். புத்தி இல்லைன்னு எழுதினவங்க அந்தத் திண்ணையில அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கணும்.

டெய்லர் அக்காவுக்கு இதுக்குக் கூலின்னு ஒண்ணும் கிடைக்கல மொத ரெண்டு நாளும். மொழிபெயர்ப்பாளருக்குப் படி உண்டு, டீச்சருக்கு உண்டு, ஆனா காது கேக்காத ஒருத்தங்க மொழிபெயர்ப்பாளரா இருப்பாங்கன்னு அந்தப் படிவத்த அச்சடிச்சவங்க நெனைக்கல. தீபாவளி நேரத்துல தையல விட்டுட்டு வந்தாங்க. சட்டப் பணிகள் குழு தலையிட்டப் பொறவுதான் சரியாச்சு.

விசாரணை 2024ல, மகிளா கோர்ட்ல. சாட்சி சொல்ல தனி அறை குடுத்தாங்க, எதிரி மொகத்தப் பாக்க வேண்டாம். ஸ்ம்ருதி துக்காராம் படாடே கேஸ்ல உச்ச நீதிமன்றம் 2022ல சொன்னது இது, பலவீன நிலையில இருக்க சாட்சிகளுக்கு தனி இடம் வேணும், அந்தப் பட்டியல்ல குழந்தைங்க மட்டுமில்லாம பேச்சு, கேள்வித்திறன் குறைபாடு உள்ளவங்களும் வருவாங்கன்னு. 164 வாக்குமூல வீடியோவையே முதல் விசாரணையா, அதாவது அரசு வக்கீல் கேட்டு வாங்குற சாட்சியமா எடுத்துக்கிட்டு நேரா குறுக்கு விசாரணைக்குப் போகணும்ங்கது சட்டம், 2013 திருத்தத்துல அந்த 164ல வந்த 5ஏ உட்பிரிவு. அது அரசு வக்கீலுக்கே அன்னைக்கு நெனப்பில்ல, முதல்லேருந்து மறுபடி கேக்க ஆரம்பிச்சுட்டாரு. சட்டப் பணிகள் குழு வக்கீல் எழுந்து எடுத்துச் சொன்னாங்க, ஜட்ஜ் நிறுத்திட்டாங்க. இல்லைன்னா அந்தப் பொண்ணு இன்னொரு தடவ எல்லாத்தையும் காட்டணும்.

குறுக்கு விசாரணையில மொதக் கேள்வி, "சம்பவம் எத்தனாம் தேதி?" அவளுக்குத் தேதி கிடையாது. நெஞ்சுல மூணு தட்டு, விரலால ஒரு தூக்கம் தூங்கி எழுந்த சைகை, மேல கையத் தூக்கி பந்தக் கால் பிடுங்குற மாதிரி. கொடை முடிஞ்சு ஒரு நாள் கழிச்சு, பந்தல் பிரிச்ச அன்னைக்கு. கோயில் கணக்கு நோட்டுல அந்தத் தேதி இருந்துச்சு, அத புலனாய்வு அதிகாரி ஏற்கெனவே வாங்கி வச்சிருந்தாரு. முன்னாடி இருந்தவரு மாறிப் போய் புதுசா வந்த அதிகாரி இவரு, நல்ல உழைப்பாளி.

அடுத்து, நான் இந்த ஆய்வ எழுதுறதுக்கே காரணமான விஷயம். எதிர்த்தரப்பு வாதம் என்னன்னா, டிவிஎஸ் ஃபிஃப்டியும் தோள்ள துண்டும் இந்த ஜில்லாவுல பாதி ஆம்பளைக்கு இருக்கு, அந்தச் சைகை இந்த ஆளத்தான் குறிக்குதுன்னு யாரு சொன்னது, அம்மாதானே? கேள்வி ஞாயமாத்தான் தோணும். அதுக்கு அந்த அதிகாரி என்ன செஞ்சிருந்தாருன்னா, சம்பவத்துக்கு சம்பந்தமே இல்லாத மூணு பேருகிட்டத் தனித்தனியா விசாரிச்சு எழுதியிருந்தாரு. கூட உக்காந்து பீடி சுத்துற ரெண்டு பொம்பளைங்க, ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. 'இந்தப் பொண்ணு இப்படிக் காட்டினா யாரச் சொல்லுதா?'ன்னு கேட்டிருக்காரு. மூணு பேரும் ஒரே ஆளச் சொன்னாங்க. அண்ணாச்சி கோர்ட்ல சொன்னது டெபாசிஷன்ல, அதாவது கோர்ட் பதிஞ்ச சாட்சியத்துல, அப்படியே இருக்கு: கடைக்கு சாமான் வாங்க வரும்போது அந்த ஆளு கணக்குல எழுதச் சொன்னான்னு சொல்ல, பல வருஷமா அவ அதே சைகையத்தான் காட்டுவா, அத நம்பி நான் கடன் நோட்டுல எழுதிருக்கேன், ஒரு தடவ கூட ஆளு மாறினதில்ல.

இந்த ஒரு வேலைய எல்லாக் கேஸ்லயும் செய்யணும்னு நான் நெனைக்கேன். வீட்டுச் சைகைக்கு அகராதி கிடையாது, ஆனா அதப் பேசிப் பழகின ஊரு இருக்கு. மொத வாரத்துலயே, வீட்டு ஆளுங்கள விட்டுட்டு, அக்கம்பக்கத்துல, கடையில, வேல செய்யிற இடத்துல போய் அந்தப் பொண்ணோட சைகைகள ஒரு இருபது முப்பது எழுதி வீடியோவும் எடுத்து வச்சுட்டா, பொறவு யாரும் சொல்லிக் குடுத்ததுன்னு சொல்ல முடியாது. சட்டத்துல இப்படிச் செய்யக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. சாட்சியச் சட்டம் 119, இப்ப பாரதிய சாக்ஷ்ய அதினியம் 125, வாயால பேச முடியாத சாட்சி வேற எந்த வழியில புரிய வச்சாலும் அது வாய்மொழிச் சாட்சியம்தான்னு சொல்லுது.

பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, 2021 ஏப்ரல், நீதிபதி சந்திரசூட் எழுதின தீர்ப்பையும் வக்கீல் கோர்ட்ல வச்சாங்க. அதுல பாதிக்கப்பட்டவங்க பிறவியிலேயே கண் தெரியாத தலித் பொண்ணு, குற்றவாளிய குரல வச்சே அடையாளம் சொன்னாங்க. மாற்றுத்திறனாளிப் பெண்ணோட சாட்சியம்ங்கதுனாலயே அத பலவீனமானதுன்னு எடுக்கக் கூடாதுன்னு கோர்ட் தெளிவாச் சொல்லிட்டு. போலீஸுக்கும் ஜட்ஜுங்களுக்கும் பயிற்சி வேணும், சிறப்புக் கல்வியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் விவரத்த ஸ்டேஷனோட இணைச்சு வைக்கணும், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெண்கள் மேல நடக்குற வன்முறைக் கணக்குல மாற்றுத்திறனையும் பிரிச்சுக் காட்டுறதப் பத்தி யோசிக்கணும்னு அந்தத் தீர்ப்புல இருக்கு. 2011 கணக்கெடுப்புல இந்தியாவுல மாற்றுத்திறனாளிப் பெண்கள் 1.18 கோடி. தங்கச்சி ஸ்டேஷனுக்குப் போனப்ப அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு, அவங்க போன எடத்துல அப்படி ஒரு பட்டியல் இல்ல.

இந்திய தண்டனைச் சட்டம் 376(2)(எல்), மாற்றுத்திறனாளிப் பெண் மேல நடந்த குற்றம், அதுலதான் தீர்ப்பு வந்துச்சு. பத்து வருஷம் கடுங்காவல், சட்டத்துல சொன்ன கொறஞ்சபட்சத் தண்டனை அது. ஹைகோர்ட் மதுரைக் கிளையில அப்பீல் நிலுவையில இருக்கு. 'மனவளர்ச்சி குன்றிய'ங்கது தப்புன்னு தீர்ப்புலயே எழுதியிருக்கு.

அதுக்கப்புறம் இழப்பீடு. பணம் அவ பேர்ல அக்கவுன்ட்டுக்கு வரணும். பேங்க்ல, "காப்பாளர் யாரு, கார்டியன் சர்டிபிகேட் கொண்டாங்க"ன்னு சொல்லிட்டாங்க. காது கேக்காத, வயசுக்கு வந்த ஒரு பொண்ணுக்கு எதுக்குக் காப்பாளர்? சொந்தமா சொத்து வச்சுக்கவும் பணங்காச தானே பாத்துக்கவும் உரிமை உண்டுன்னு அதே 13ஆவது பிரிவுலதான் இருக்கு. சட்டத் தன்னார்வலர் அந்தப் பக்கத்த நகல் எடுத்துக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில வச்சாங்க, நாலு நட. எஃப்ஐஆர்ல எழுதின அதே ரெண்டு வார்த்த, கோர்ட்ல ஜெயிச்சப்பொறவும் பேங்க் வரைக்கும் பின்னாடி வந்துச்சு. எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் ஆறல.

போன மாசம் அப்பீல் விஷயமா ஒரு காகிதம் வந்திருக்குன்னு அம்மா போன் பண்ணாங்க, போனேன். "மதுரைக்கு இவளக் கூட்டிட்டுப் போயி திரும்பவும் எல்லாத்தையும் காட்டச் சொல்லுவாவளாம்மா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, அங்க ஏற்கெனவே பதிஞ்சதத்தான் படிப்பாங்கன்னு சொன்னேன். அம்மா திரும்பி அவகிட்ட ஏதோ காட்டினாங்க. தங்கச்சி கத்தரியக் கீழ வச்சுட்டு, வெட்டின இலையெல்லாம் ஈரத்துணிக்குள்ள மடிச்சு வச்சா, பொறவு கால ரெண்டும் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆட்டி, என்னப் பாத்து புருவத்த ஒசத்தினா. டெய்லர் அக்கா ஞாயித்துக்கிழம வருவாங்களான்னு கேக்கா.